இர்ரெலவன்ட் ஆப்பரேட்டர் கீழே வரும்போது எங்கே போகிறது?

அரைச்சுழல்:
குவாண்டம் புலக் கோட்பாட்டுப் பாடங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு பரிமாண வெளிநேரத்தில், பரிமாணம் (நிறையின் அலகில் எண்ணிய அடுக்கு) 4ஐத் தாண்டிய ஆப்பரேட்டர்கள் (கோட்பாட்டில் வரும் புலங்களின் பெருக்கல்கள்) எல்லாம் இர்ரெலவன்ட், கீழ் ஆற்றலுக்கு வந்தால் கட்-ஆஃபின் (கோட்பாட்டின் மேல் ஆற்றல் எல்லையின்) அடுக்குகளால் நசுங்கிவிடும், மறந்துவிடலாம் என்கிறார்கள். கணக்கைப் போட்டால் எனக்கு அப்படி வரவில்லை.

ஒற்றை ஸ்கேலார் புலத்தை எடுத்துக்கொள்கிறேன். புலத்தின் நான்காம் அடுக்கான ஃபை-4 உறுப்பின் கப்லிங் (வினையின் வலிமையைச் சொல்லும் எண்) லாம்டா. கூடவே ஒரு ஃபை-6 உறுப்பு, அதன் கெழு ஜி வகுத்தல் கட்-ஆஃபின் வர்க்கம். ஜி என்பது 1 அளவிலான வெறும் எண். ஃபைன்மன் படத்தில் (வினைகளை வரையும் கணக்குப் படம்) ஃபை-6 முனையின் ஆறு கால்களில் இரண்டை ஒன்றாகக் கட்டி லூப் ஆக்கினால் நான்கு கால்கள் மிஞ்சும். அதாவது லாம்டாவுக்கு ஒரு திருத்தம். அந்த லூப் தொகையீடு கட்-ஆஃபின் வர்க்கமாக வளர்வதால், வகுத்தலில் இருந்த வர்க்கம் அடிபட்டுப் போகிறது. கடைசியில் கிடைப்பது ஜி வகுத்தல் 32 பை வர்க்கம், ஏறக்குறைய ஜி-யில் 316இல் ஒரு பங்கு. கட்-ஆஃபை எவ்வளவு மேலே தள்ளினாலும் இது குறையாது.

அப்படியானால் இதை எந்த அர்த்தத்தில் மறந்துவிடலாம்? இன்னொன்று. மறந்துவிடலாம் என்பது உண்மையானால், துகள் மோதல் ஆய்வாளர்கள் ஏன் பரிமாணம்-6 கெழுக்களை அளக்க இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

ஓட்டக்கணக்கு:
உங்கள் கணக்கு சரி. அந்த வரிதான் பாதியில் நிற்கிறது.

ஒரேயடியாக லூப் போடாமல், கென்னத் வில்சன் செய்ததுபோல கட்-ஆஃபைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கட்-ஆஃபில் தொடங்கி மியூ என்ற அளவுகோல் வரை வந்தால், லாம்டாவுக்குச் சேரும் திருத்தம் ஜி வகுத்தல் 32 பை வர்க்கம், பெருக்கல் (1 கழித்தல் மியூ வர்க்கம் வகுத்தல் கட்-ஆஃப் வர்க்கம்). மியூ கட்-ஆஃபில் பாதிக்கு வந்ததுமே இந்தத் திருத்தத்தின் முக்கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்குக்கு வரும்போது 99 சதவீதம் முடிந்த கதை. ஃபை-6 தன் வேலையை மேல்மாடியிலேயே செய்துவிட்டு, பலனை லாம்டாவின் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறது. கீழே இருப்பவருக்கு லாம்டாவின் மொத்த மதிப்பு மட்டுமே தெரியும். அதில் எவ்வளவு ஆரம்பத்திலேயே இருந்தது, எவ்வளவு ஃபை-6 கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க அவரிடம் வழி கிடையாது.

ஓட்டச் சமன்பாட்டையே எழுதிவிடலாம். புலத்தின் நிறையை மாறுநிலையில் (கீழே நிறை சுழியமாகத் தெரியும் இடத்தில்) கவனமாக வைத்துக்கொண்டு, முன்னணி உறுப்புகளை மட்டும் எடுத்தால், அளவுகோல் இறங்க இறங்க (இனி ஜி என்பது மியூவின் அலகில் அளந்த ஃபை-6 கெழு):

லாம்டாவின் மாற்ற வீதம் = (ஜி − 3 லாம்டா வர்க்கம்) ÷ 16 பை வர்க்கம்

ஜி-யின் மாற்ற வீதம் = −2 ஜி + (30 லாம்டா கனம் − 15 லாம்டா ஜி) ÷ 16 பை வர்க்கம்

இரண்டாவது வரியில் உள்ள −2 ஜி-தான் எல்லோரும் சொல்லும் நசுங்கல். பக்கத்தில் இருக்கும் 30 லாம்டா கனத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அது இருக்கும்வரை ஜி சுழியத்துக்குப் போகாது, ஏறக்குறைய 15 லாம்டா கனம் ÷ 16 பை வர்க்கம் என்ற மதிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஜி-யைச் சுழியமாக வைத்துத் தொடங்கினாலும் அது முளைத்து அதே இடத்துக்கு வரும். மேலே ஜி எந்த எண்ணில் தொடங்கியது என்ற தகவல் மட்டும்தான் மியூ வகுத்தல் கட்-ஆஃபின் வர்க்கமாக அழிகிறது.

1984இல் போல்சின்ஸ்கி நிரூபித்தது இதைத்தான். மேலே கப்லிங்குகளின் இடைவெளி முடிவிலாப் பரிமாணம் கொண்டது. கீழே வர வர எல்லாப் பாதைகளும் ரெலவன்ட் (ஆப்பரேட்டரின் பரிமாணம் 4க்குக் குறைவு), மார்ஜினல் (சரியாக 4) கப்லிங்குகள் மட்டும் ஆயமாக உள்ள ஒரு சிறு பரப்பில் வந்து படிகின்றன. அந்தப் பரப்பில் இர்ரெலவன்ட் கப்லிங்குகள் சுழியமாக இருப்பதில்லை, மற்றவற்றின் சார்புகளாக இருக்கின்றன.

லாட்டிஸ்வாசி:
இதைத் தினமும் பார்க்கிற கூட்டம் நாங்கள், வெளிநேரத்தை லாட்டிஸ் என்ற புள்ளிக் கட்டமாக்கிக் கணக்கிடுபவர்கள். வில்சன் ஃபெர்மியானை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பரிமாண லாட்டிஸில் ஃபெர்மியானை (எலெக்ட்ரான், குவார்க் போன்ற துகளை) வெறுமனே வைத்தால் ஒன்றுக்குப் பதில் 16 வந்து நிற்கும். வேண்டாத 15ஐ விரட்ட வில்சன் சேர்த்த உறுப்பில் இரண்டு டெரிவேட்டிவ், முன்னால் லாட்டிஸ் இடைவெளியின் ஒரு அடுக்கு. பரிமாணம் 5, சுத்தமான இர்ரெலவன்ட். இடைவெளி சுழியத்தை நோக்கிப் போனால் காணாமல் போக வேண்டியது.

நடப்பதோ வேறு. அந்த உறுப்பு கைரல் சமச்சீரை (நிறை உறுப்பைத் தடுக்கும் இடது-வலது சமச்சீரை) உடைக்கிறது. உடைத்ததும் குவார்க்கின் நிறைக்கு, கப்லிங்கின் வர்க்கம் வகுத்தல் இடைவெளி என்ற அளவில் கூட்டல் திருத்தம் வருகிறது. இடைவெளி குறையக் குறைய இந்தத் திருத்தம் பெருகும்! அதனால்தான் வில்சன் ஃபெர்மியானோடு வேலை செய்பவர்கள் தொடக்க நிறையை எதிர்க்குறியில் கொண்டுபோய் மாறுநிலை மதிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இர்ரெலவன்ட் உறுப்பு ரெலவன்ட் கப்லிங்கை இழுத்துத் தள்ளுவதற்கு இதைவிட முகத்தில் அடிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. லாட்டிஸுக்குச் சுழற்சிச் சமச்சீர் கிடையாது, 90 பாகைத் திருப்பங்கள் மட்டும்தான். ஆனால் அந்தக் குறைந்த சமச்சீருக்கு ஒத்துப்போய், முழுச் சுழற்சியை உடைக்கிற ஆப்பரேட்டர் தூய கேஜ் கோட்பாட்டில் (குவார்க் இல்லாமல் விசைப் புலங்கள் மட்டும்) பரிமாணம் 6இல்தான் தொடங்குகிறது. கீழே உள்ள எந்த கப்லிங்கிலும் அது ஒட்ட இடமில்லை. அதனால் இடைவெளியின் வர்க்கமாகத் தேய்ந்து, சுழற்சிச் சமச்சீர் தானாக வந்து சேர்கிறது. நேரத் திசையில் மட்டும் இடைவெளியை மாற்றி வைத்தால் இந்தச் சலுகை போய்விடும். அப்போது ஒளியின் வேகத்தையே கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

ஆக, ஒரு இர்ரெலவன்ட் ஆப்பரேட்டரைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது: இது எந்தச் சமச்சீரை உடைக்கிறது, அதே சமச்சீரை உடைக்கும் ரெலவன்ட் ஆப்பரேட்டர் கீழே இருக்கிறதா? பரிமாணத்தை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.

அரைச்சுழல்:
இது நன்றாகவே புரிகிறது. ஆனால் என் இரண்டாம் கேள்வி இன்னும் மோசமாகிவிட்டது. பெரிய விளைவெல்லாம் லாம்டாவுக்குள்ளும் நிறைக்குள்ளும் புதைந்துவிடும், மிச்சம் தேய்ந்துவிடும் என்றால் கீழிருந்து எதை அளப்பது?

மியூவான்:
புதைக்க இடமில்லாத இடத்தில் அளப்பது. லாட்டிஸ்வாசி கேட்ட கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்.

எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனத்த துகளான மியூவானின் சிதைவைப் பாருங்கள். அதைச் செய்வது ஃபெர்மியின் நான்கு-ஃபெர்மியான் ஆப்பரேட்டர், பரிமாணம் 6. மென்விசையைச் சுமக்கும் டபிள்யூ துகளின் நிறை சுமார் 80 ஜிஇவி (ஒரு ஜிஇவி நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட்), மியூவானின் நிறை 0.106 ஜிஇவி. இரண்டின் விகிதத்தின் வர்க்கம் பத்து லட்சத்தில் இரண்டுக்கும் குறைவு. சிதைவு வீதத்தில் இது இன்னொரு முறை வர்க்கமாகும். இவ்வளவு நசுங்கியும் மியூவான் 2.2 மைக்ரோ நொடியில் சிதைகிறதை அளக்க முடிகிறது. ஏன்? பரிமாணம் 4 வரை உள்ள மின்காந்த உறுப்புகள் எதனாலும் மியூவானை எலெக்ட்ரானாக மாற்ற முடியாது. போட்டிக்கு ஆளில்லை. பின்னணி சுழியம் என்றால் சிறியதும் தெரியும்.

அந்த ஒரு கெழுவிலேயே மேல்மாடியின் விலாசம் எழுதியிருந்தது. ஃபெர்மி மாறிலி 1.166 பெருக்கல் 10இன் −5ஆம் அடுக்கு, அலகு ஜிஇவியின் எதிர் வர்க்கம். அதன் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் 293 ஜிஇவி. அந்த ஆற்றலுக்குப் பக்கத்தில் எங்கோ இந்தக் கோட்பாடு உடையும் என்று அர்த்தம். டபிள்யூவையும் இசட்டையும் 1983இல் செர்னில் பிடித்தார்கள், கப்லிங் 1ஐவிடச் சிறியதாக இருந்ததால் அந்த எல்லைக்குக் கீழேயே.

நியூட்ரினோ நிறை இன்னும் அழகு. ஸ்டாண்டர்ட் மாடல் (இன்றைய துகள் கோட்பாடு) புலங்களை வைத்து பரிமாணம் 5இல் எழுதக்கூடியது ஒரே வகை ஆப்பரேட்டர்தான், 1979இல் வைன்பெர்க் சுட்டிக்காட்டினார். அது லெப்டான் எண்ணை (எலெக்ட்ரான், நியூட்ரினோ வகைத் துகள்களின் மாறாத கணக்கை) உடைக்கிறது. 0.05 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் நிறை வர வேண்டுமானால், கெழு 1 அளவில் இருந்தால், கட்-ஆஃப் 10இன் 15ஆம் அடுக்கு ஜிஇவி பக்கம் போகிறது. நியூட்ரினோ நிறை நிஜமாகவே இந்த வழியில்தான் வருகிறதா என்பது தனி விவாதம், இங்கே இழுக்க வேண்டாம். புரோட்டான் சிதைவும் இதே ரகம், பரிமாணம் 6. இதுவரை யாரும் பார்க்கவில்லை. பாசிட்ரானும் நடுநிலைப் பையானும் வரும் வழியில் ஆயுள் 10இன் 34ஆம் அடுக்கு ஆண்டுகளைத் தாண்டும் என்பதுதான் இன்றைய எல்லை.

மோதல் ஆய்வுகளில் இன்னொரு உத்தி. விளைவு ஆற்றலின் வர்க்கமாக வளர்வதால், உயர் ஆற்றல் வால்பகுதியில் போய்த் தேடுகிறார்கள். பேரியான், லெப்டான் எண்களைக் காக்கும் பரிமாணம்-6 ஆப்பரேட்டர்கள் ஒரு தலைமுறைக்கு 59, மூன்று தலைமுறைக்கு 2499 கெழுக்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பது பெரிய தலைவலி என்பது வேறு விஷயம்.

வானநீலம்:
போகிற போக்கில் என் பெயருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். நடுநிலை அணு ஒன்றின் மேல் ஒளி படுகிறது. அணுவுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் மிகக் குறைந்த பரிமாணத்தில் எழுதக்கூடியது, அணுப்புலம் இரண்டும் மின்காந்தப் புலத்தின் வர்க்கமும். பரிமாணம் 7. கெழு அணுவின் ஆரத்தின் கனம். எனவே சிதறல் பரப்பு, ஆரத்தின் ஆறாம் அடுக்கு பெருக்கல் ஒளி ஆற்றலின் நான்காம் அடுக்கு. 450 நானோமீட்டர் ஒளி 700 நானோமீட்டர் ஒளியைவிடக் கிட்டத்தட்ட 6 மடங்கு சிதறும். அணுவுக்குள் எலெக்ட்ரான் எப்படிச் சுற்றுகிறது என்று தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

இசிங்நேயர்:
எல்லோரும் நான்கு பரிமாணத்தில், கப்லிங் இல்லாத நிலைப்புள்ளிக்கு (அளவுகோலை மாற்றினாலும் கோட்பாடு மாறாத இடத்துக்கு) பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஆப்பரேட்டரின் நெற்றியில் இர்ரெலவன்ட் என்று எழுதி ஒட்டியிருப்பதுபோல இதுவரை பேச்சு போகிறது. அது நிலைப்புள்ளியைப் பொறுத்த விஷயம்.

மூன்று பரிமாணத்தில் அதே ஃபை-4ஐ எடுங்கள். கப்லிங் இல்லாத நிலைப்புள்ளியில் அதன் பரிமாணம் 2, இடத்தின் பரிமாணம் 3. நல்ல ரெலவன்ட். அது வளர்ந்து கோட்பாட்டை வில்சன்-ஃபிஷர் நிலைப்புள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே போய் அதே ஆப்பரேட்டரின் பரிமாணத்தை அளந்தால் சுமார் 3.83. இப்போது இர்ரெலவன்ட். கிளம்பின இடத்தில் தள்ளிவிட்டதே, சேருமிடத்தில் அடங்கி உட்கார்ந்துகொள்கிறது. புல வர்க்கம் மட்டும் 1.41 பரிமாணத்தோடு ரெலவன்டாகவே இருக்கிறது. வெப்பநிலையைத் திருகுவது அதுதான்.

இந்த 3.83ஐ லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 3ஐக் கழித்தால் 0.83. இதே நிலைப்புள்ளியைச் சேரும் இசிங் காந்த மாதிரியின் கணினி உருவகத்தில் பெட்டியின் நீளத்தோடு முதல் திருத்தம் இந்த அடுக்கில்தான் தேய்கிறது. நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்தப் பிழையில் 56 சதவீதம் அப்படியே இருக்கும். பத்தில் ஒன்றாக்க நீளத்தை 16 மடங்காக்க வேண்டும், அதாவது புள்ளிகளின் எண்ணிக்கை 4000 மடங்குக்கு மேல். அதனால்தான் சாதாரண இசிங் மாதிரியை விட்டுவிட்டு புளூம்-கேபல் போன்ற மாதிரியில் கூடுதலாக ஒரு திருகை வைத்து, இந்த ஆப்பரேட்டரின் கெழு சுழியமாகும் இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே வேலை செய்கிறார்கள். மறந்துவிடலாம் என்று சொல்லப்பட்ட ஒன்றை ஒழிக்க எவ்வளவு உழைப்பு பாருங்கள்.

புதுவரவு:
'ஆபத்தான இர்ரெலவன்ட்' என்று ஒன்று உண்டாமே, அது இதுதானா?

இசிங்நேயர்:
இல்லை, அது வேறு. அங்கே தேய்ந்துபோகும் கப்லிங் வகுத்தலில் உட்கார்ந்திருக்கும். ஐந்து பரிமாணத்தில் ஃபை-4 இர்ரெலவன்ட். ஆனால் மாறுநிலைக்குக் கீழே காந்தமாக்கம் என்ன? வெப்பநிலைத் தூரத்தை லாம்டாவால் வகுத்து வர்க்கமூலம். லாம்டாவைச் சுழியமாக்கினால் விடை முடிவிலிக்கு ஓடிவிடும். லாம்டாவை மறந்துவிட்டு ஸ்கேலிங் விதிகளை மட்டும் நம்பினால் காந்தமாக்கத்தின் அடுக்கு 3/4 என்று வரும். உண்மையில் 1/2. ஆற்றல் நிலத்துக்கு அடித்தளம் போட அந்தச் சிறிய உறுப்பு தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

எதிர்நீச்சல்:
ஓட்டத்தைத் திருப்பி மேலே போக முடியாதா? கீழே அளந்த கெழுக்களை வைத்துக்கொண்டு?

ஓட்டக்கணக்கு:
கீழே வரும்போது தகவல் அழிகிறது என்றால், மேலே போகும்போது சின்ன அளவீட்டுப் பிழையும் அதே அடுக்கில் ஊதிப் பெருகும். ஒவ்வொரு படியிலும் புதிய கெழுக்கள் தேவைப்படும். ஈர்ப்பில் இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். நியூட்டன் மாறிலியின் பரிமாணம் −2, பிளாங்க் அளவுகோல் 1.22 பெருக்கல் 10இன் 19ஆம் அடுக்கு ஜிஇவி, அதற்குக் கீழே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மேலே கப்லிங் சுழியமாகாத ஒரு நிலைப்புள்ளி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது 1970களில் வைன்பெர்க் முன்வைத்த யோசனை. அப்படி ஒன்று இருப்பதாகக் காட்டும் தோராயக் கணக்குகள் நிறைய. நிரூபணம் இல்லை.

விதிவிலக்காக இரண்டு பரிமாணத்தில் டிடி-பார் என்ற ஆப்பரேட்டர் இருக்கிறது, ஆற்றல்-உந்த டென்சரின் கூறுகளால் ஆனது, பரிமாணம் 4. இர்ரெலவன்ட்தான், ஆனாலும் அதைச் சேர்த்து மேலே ஏறினால் ஆற்றல் மட்டங்களைத் துல்லியமாக எழுதிவிட முடிகிறது. பாய்ம ஓட்டத்தில் வரும் பர்கர்ஸ் சமன்பாடு வந்து கைகொடுக்கிறது. மேலே போய்ச் சேரும் இடம் வழக்கமான நிலைப்புள்ளி கூட இல்லை.

கூர்முனை:
முதல் பதிவுக்கே திரும்பி ஒரு முட்டுக்கட்டை. அந்த ஜி வகுத்தல் 32 பை வர்க்கம் உண்மையான விளைவா? டைமென்ஷனல் ரெகுலரைசேஷனில் (கட்-ஆஃப் வைக்காமல், பரிமாண எண்ணை 4இலிருந்து சற்றே நகர்த்தி லூப்பைக் கணக்கிடும் முறையில்) போட்டால், நிறையில்லாப் புலத்துக்கு அந்த லூப் சுழியம். சிறு நிறை இருந்தால் வருவது நிறையின் வர்க்கம் வகுத்தல் கட்-ஆஃபின் வர்க்கம், அது நசுங்கியதுதான். ஒரு முறையில் இருந்து இன்னொரு முறையில் இல்லாமல் போவதை நான் இயற்பியல் என்று ஏற்க மாட்டேன். இதே காரணத்தால் ஹிக்ஸ் நிறைக்கு வரும் வர்க்கத் திருத்தத்தையும் நான் நம்புவதில்லை.

ஓட்டக்கணக்கு:
முதல் பாதியோடு உடன்படுகிறேன். அந்தத் திருத்தத்தைத் தனியாக யாரும் அளக்க முடியாது, ஏனென்றால் அளப்பது லாம்டாவின் மொத்தத்தை. மொத்தத்தை எப்படிப் பங்கு பிரிக்கிறோம் என்பது முறையைப் பொறுத்தது. டைமென்ஷனல் ரெகுலரைசேஷன் அந்தப் பங்கை முதலிலேயே லாம்டாவில் போட்டுவிட்டு லூப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது. நடைமுறைக் கணக்குக்கு அதுதான் வசதி.

இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. கட்-ஆஃபை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிஜமான கனத்த துகளை வையுங்கள். நிறை எம், நம் லேசான புலத்தோடு கப்லிங் கப்பா. டைமென்ஷனல் ரெகுலரைசேஷனிலேயே அதை நீக்கிப் பாருங்கள். லேசான புலத்தின் நிறை வர்க்கத்துக்கு கப்பா பெருக்கல் எம் வர்க்கம் ÷ 16 பை வர்க்கம் என்ற அளவில் திருத்தம். லாம்டாவுக்கு கப்பா வர்க்கம், எம் வந்தால் லாகரிதத்துக்குள் மட்டும். ஃபை-6க்கு கப்பா கனம் வகுத்தல் எம் வர்க்கம். ரெலவன்ட், மார்ஜினல், இர்ரெலவன்ட் மூன்றுக்கும் பங்கு ஒரே லூப்பிலிருந்து வருகிறது. எந்த ரெகுலரைசேஷனும் முதலாவதைச் சுழியமாக்காது. கப்பாவையும் எம்-மையும் தெரிந்தவருக்கு இவை மூன்றும் கணக்கிடக்கூடிய எண்கள்.

கூர்முனை:
எம் என்று ஒரு துகள் இருந்தால் ஏற்கிறேன். இல்லையென்றால்?

ஓட்டக்கணக்கு:
இல்லையென்றால் ஹிக்ஸ் நிறைக்குச் சிக்கலே இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நியூட்ரினோ நிறைக்கும் ஈர்ப்புக்கும் மேலே எதுவுமே இல்லை என்ற பொறுப்பையும் சேர்த்து ஏற்க வேண்டியிருக்கும். நான் அந்தப் பந்தயத்தில் இறங்க மாட்டேன்.

மியூவான்:
ஸ்டாண்டர்ட் மாடல் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதே மேல்மாடி வெகுதூரம் என்பதற்கு அடையாளம். அது வெகுதூரம் என்றால் ஹிக்ஸ் நிறை ஏன் இவ்வளவு சிறியது என்பது புதிர். அது பக்கம் என்றால் பரிமாணம்-6 கெழுக்கள் ஏன் இன்னும் கண்ணில் படவில்லை என்பது புதிர். இரண்டில் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அரைச்சுழல்:
ஓட்டக்கணக்கு கொடுத்த இரண்டு சமன்பாடுகளையும் எண்முறையில் ஓட்டினேன். ஒரு பாதை லாம்டா 0.5, ஜி சுழியம். இன்னொன்றில் ஜி 3. அதே 0.5இல் தொடங்கினால் இரண்டும் லாம்டாவில் ஏறத்தாழ 0.009 தள்ளியே ஓடுகின்றன. இரண்டாவதைத் தொடக்கத்திலேயே அந்த அளவு குறைத்து 0.491இல் வைத்தால், கட்-ஆஃபிலிருந்து 100 மடங்கு கீழே வரும்போது இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று. ஜி இரண்டிலும் 0.01 பக்கம் நிற்கிறது, வித்தியாசம் பத்தாயிரத்தில் மூன்றுக்கும் கீழே.

அடுத்து ஃபை-8ஐயும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். ஏதாவது மாறுமா?

ஓட்டக்கணக்கு:
ஃபை-8இன் தொடக்க மதிப்பு நான்காம் அடுக்கில் தேயும், போகும்போது ஜி-யையும், அதன் வழியாக லாம்டாவையும் கொஞ்சம் நகர்த்தும். தொடக்க லாம்டாவை மறுபடி திருகினால் போதும். ஆனால் நிறை உறுப்பை இனியும் கையால் பிடித்து வைக்காதீர்கள், அதையும் சமன்பாட்டில் சேர்த்து ஓட்டுங்கள். கோடுகளை ஒட்டவைக்க அங்கேதான் அதிகத் துல்லியம் தேவைப்படும்.